இவான் இலியிச்சா, பிஷப்பா: எதை முதலில் வாசிக்கலாம்?

மரணத்தைப் பற்றி ஒரே ஒரு ரஷ்யக் கதை வாசிக்க நினைத்து, டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' கதையா செகாவின் 'பிஷப்' கதையா என்று குழம்புபவர்களுக்கு:

வாழ்க்கை
டால்ஸ்டாய்: ஒன்பது வயது நிறையும் முன்பே தாய் தந்தை இருவரும் இல்லை. 1860இல் அண்ணன் நிக்கொலாய் காசநோயில் போனார். 1869இல் அர்சமாஸ் ஊரில் தங்கிய இரவில் காரணமில்லாத மரண பயம் பிடித்துக்கொண்டது.
செகாவ்: மருத்துவர். இவருடைய அண்ணனும் நிக்கொலாய்தான், அதே காசநோய்தான் (1889). அப்புறம் அது இவரையும் விடவில்லை. 1904இல் 44 வயதில் இறந்தார்.

சாவு
'இவான் இலியிச்சின் மரணம்' (1886): மூன்று நாள் ஓயாத அலறல், கடைசியில் ஒளி. அந்த ஒளி எனக்குக் கொஞ்சம் பிரசங்கமாகவே படுகிறது.
'பிஷப்' (1902): குடல் காய்ச்சல், ரத்தப்போக்கு, முடிந்தது. மறுநாள் ஈஸ்டர் கொண்டாட்டம். ஒரு மாதத்தில் புது பிஷப் வந்துவிடுகிறார். தன் மகன் பிஷப்பாக இருந்தான் என்று தாய் சொன்னால், நம்பாதவர்களும் உண்டு! நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கை எழுதியது.

நீளம்
முன்னது குறுநாவல், பின்னது சிறுகதை.

பயத்தை நேருக்கு நேர் பார்க்கவும், முடிவில் ஆறுதல் கிடைக்கவும் வேண்டுமென்றால் டால்ஸ்டாய். ஆறுதல் சொல்பவர்களிடம் சலித்துப்போனவர்களுக்குச் செகாவ்.