கறுவாத்தோட்டத்துத் தொடர்மாடியா, கோட்டையடிப் பழைய வீடா?

கையில் சேர்ந்திருந்த தொகையைக் கொண்டு கொழும்பு 7 இல், அதாவது கறுவாத்தோட்டத்தில், ஒற்றைப் படுக்கையறை உள்ள சொகுசுத் தொடர்மாடி வீடொன்றை வாங்குவதா, அல்லது திருகோணமலை நகரின் பழைய பகுதியில், பிரெட்ரிக் கோட்டைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், ஓட்டுக்கூரை வீடொன்றை வாங்கித் திருத்துவதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் நெடுநாள் பேசப்பட்டது. முடிவில் நானும் மனைவியும் ஓட்டு வீட்டையே வாங்கினோம். பிள்ளைகள் வெளிநாட்டில், வைத்தியம் கொழும்பில், மனம் ஊரில் என்று இருக்கும் எங்கள் வயதினர் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்காமல் இரண்டையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

இடத்தின் பெருமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்தில் கறுவா விளைந்த நிலமே இன்றைய கறுவாத்தோட்டம். 1877 இல் திறந்த நூதனசாலை, விகாரமகாதேவி பூங்கா, வெள்ளை மாநகர மண்டபம், நிழல் மரங்கள் நிறைந்த அகன்ற வீதிகள் என்று அதற்கு ஓர் அழகு உண்டு. இங்கே திருகோணமலையில் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, ஒல்லாந்தர் கைமாறி, 1795 இல் ஆங்கிலேயர் வசமான கோட்டையும், அதன் உச்சியில் கோணேசர் கோயிலும், வீதியில் அச்சமின்றி உலவும் மான்களும் இருக்கின்றன. பாதுகாவலர், மின்தூக்கி, நீச்சல் தடாகம், மின்பிறப்பாக்கி ஆகியவை தொடர்மாடியில் உண்டு, ஓட்டு வீட்டில் இல்லை. பெரிய மருத்துவமனைகள் கொழும்பில் அருகில் இருக்கின்றன. இங்கிருந்து போவதென்றால் ஓர் இரவு முழுவதும் புகையிரதத்தில் கழியும். இவை எல்லோரும் அறிந்தவை.

மாமியாரின் சிகிச்சைக்காக அப்படிப்பட்ட ஒரு தொடர்மாடி வீட்டில் சில மாதங்கள் வாடகைக்கு இருந்தோம். ஏறத்தாழ 650 சதுர அடி. கூடமும் குசினியும் ஒன்றாகவே இருந்ததால் மீன் பொரித்த மணம் மறுநாளும் மெத்தை உறையை விட்டுப் போகவில்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் கூடத்தில்தான் பாய் விரிக்க வேண்டும். ஆனாலும், கதவைப் பூட்டித் திறப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் ஊருக்குப் போய்வர முடிந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒற்றை அறை வீட்டின் உண்மையான பலன் அதுதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. தொடர்மாடியில் பராமரிப்பு என்பது நாம் செய்யும் வேலை அல்ல, நாம் செலுத்தும் கட்டணம். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படியும் அதன் திருத்தங்களின்படியும், வீட்டு உரிமையாளர் அனைவரும் உறுப்பினராக உள்ள முகாமைத்துவக் கூட்டுத்தாபனமே பொதுப் பகுதிகளைப் பார்த்துக்கொள்கிறது. அதற்கான பணம் ஒவ்வொரு வீட்டின் பங்குப் பெறுமதிக்கேற்ப, அதாவது கட்டடத்தில் அந்த வீட்டுக்கென ஒதுக்கப்பட்ட பங்கின் அளவுக்கேற்ப, அறவிடப்படுகிறது. வாக்கெடுப்பு என்று வந்தால் அங்கும் அதே பங்குப் பெறுமதிதான் நிறுக்கப்படும். ஆகவே ஒற்றை அறை வீட்டுக்காரர் குறைவாகச் செலுத்துகிறார், குறைவாகவே தீர்மானிக்கிறார். மூன்று அறை வீட்டுக்காரர்கள் தடாகத்தைப் புதுப்பிக்க விரும்பினால், அதில் ஒருநாளும் கால் நனைக்காதவரும் தன் பங்கைக் கட்டியாக வேண்டும்.

கட்டணம் எங்கே நிற்கும் என்பதும் நம் கையில் இல்லை. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்ந்தது. மின்தூக்கி, தண்ணீர்ப் பம்பி, நடைபாதை விளக்குகள், தடாகத்தின் வடிகட்டி என்று பகலிரவாக மின்சாரம் குடிக்கும் கட்டடத்தில் அந்த உயர்வு எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதற்கு முன்னைய மாதங்களில், நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில், மின்பிறப்பாக்கிக்கான டீசல் செலவு தனியாக வந்தது. வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டணம் ஒன்றே. இதற்கும் மேலாக, கட்டடத்துக்கு வயதாகும்போது மின்தூக்கியை மாற்றுவது, வெளிச்சுவரை முழுதாகப் பூசுவது போன்ற பெருஞ்செலவுகள் ஒரேயடியாக வந்து நிற்கும். அதற்கென நிதி சேர்க்காத கட்டடத்தில் ஒவ்வொருவரும் திடீரென ஒரு பெருந்தொகையைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்குக் கூடிய செலவைவிட, எப்போது வரும் என்று தெரியாத செலவே பெரிய இடர்.

ஓட்டு வீடு செலவில்லாதது என்று நான் சொல்லவில்லை. கடற்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. நாங்கள் வாங்கியபோது யன்னல் பிணைச்சல்கள் துருவேறித் தூளாக உதிர்ந்தன. அவற்றையெல்லாம் பித்தளைக்கு மாற்றினோம். முந்தைய உரிமையாளர் பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு மேல் சீமெந்து பூசியிருந்தார். விரலால் தட்டினால் சில இடங்களில் பொள்ளென்ற ஓசை கேட்கும்; பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்ற இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். சுவருக்குள் இருக்கும் ஈரம் சுண்ணாம்பினூடாக வெளியேறிக் காய்ந்துவிடும், சீமெந்து அதை மறித்துவிடுகிறது. வேலைக்கு வந்த வயதான மேசன் இதை ஒரே வரியில் சொன்னார்: “உப்புச் சுவருக்குச் சீமெந்து பூசினா ரெண்டு மாரி தாங்காது ஐயா, சுண்ணாம்புதான் பூசவேணும்.” அவர் சொன்னபடியே பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரைக் கச்சான் காற்றில் நன்றாகக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசினோம். புரட்டாதி முடிவதற்குள் கூரையில் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றி, பீலிகளில் அடைத்த சருகை அள்ளி, பனஞ்சலாகைகளில் கறையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால் வாடை மழையைத் தைரியமாக எதிர்கொள்ளலாம்.

இந்தச் செலவுகளின் தன்மைதான் என் வாதம். அவற்றைப் பிரித்துச் செய்யலாம். இந்த ஆண்டு விறாந்தைக் கூரை, அடுத்த ஆண்டு குசினிச் சுவர் என்று கையிருப்புக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். மழைக்கு முன் ஓடு மாற்றுவதைத் தவிர, ஒத்திப்போட முடியாத வேலை மிகக் குறைவு. ஓடும் சுண்ணாம்பும் தெரிந்த மேசன்மாரும் தச்சர்களும் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். என்ன பழுது, எவ்வளவு கூலி, எந்தப் பொருள் என்பதை நானே கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கிறேன். அதோடு வீடு பழையதானாலும் அதன் கீழுள்ள 12 பேர்ச் நிலமும் கிணறும் முழுவதும் எங்களுடையவை; தொடர்மாடியில் நமக்கு உள்ளது நான்கு சுவர்களுக்குள் உள்ள இடமும், பொதுப் பகுதிகளில் பிரிக்கப்படாத ஒரு சிறு பங்குமே.

மீள்விற்பனையில் தொடர்மாடிக்கே சாதகம் என்று நினைக்கிறேன். 2014 ஆம் ஆண்டின் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகள் காணி வாங்குவதைப் பொதுவாகத் தடுக்கிறது; ஆனால் முழு விலையையும் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே கொண்டுவந்து தொடர்மாடி வீடு வாங்க இடமளிக்கிறது. ஆகவே கறுவாத்தோட்டத்து வீட்டுக்கு இலண்டனிலும் தொறொன்ரோவிலும் இருந்துகூட வாங்குநர் வரக்கூடும். கோட்டையடி வீட்டுக்கு அந்த வட்டம் சிறியது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு உரித்தாகப் போவதற்குச் சட்டத்தில் விலக்கு இருப்பதால் எங்கள் குடும்பத்துக்கு இது இடையூறாகத் தோன்றவில்லை. வேறு நிலைமையில் உள்ளவர்கள் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வீட்டை நான் இன்னும் விற்றுப் பார்த்ததில்லை என்பதால், விலை பற்றி இதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்லமாட்டேன்.

திருகோணமலையில் வாங்குபவர்கள் ஓர் இடத்தில் அவசரப்படக்கூடாது. காணி தனியார் உறுதிக் (உரிமைப் பத்திரம் உள்ள) காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்பதைக் காணிப் பதிவகத்தில் பார்த்துத் தெளிந்த பிறகே முற்பணம் கொடுக்க வேண்டும். கடலோரத்திலிருந்து 300 மீற்றருக்குள் உள்ள பகுதி கரையோர வலயத்துக்குள் அடங்குவதால், அங்கே புதிதாக எதையேனும் கட்டுவதற்கு அனுமதி தேவைப்படலாம். வீட்டின் பின்னால் ஒரு பகுதி சேர்த்துக் கட்டும் எங்கள் எண்ணத்தை அதனால்தான் தள்ளிவைத்திருக்கிறோம்.

வாரந்தோறும் கொழும்பில் சிகிச்சைக்குப் போகவேண்டியவர்களுக்கும், கூரை பற்றி நினைக்கவே உடல் இடங்கொடாதவர்களுக்கும், தனியாக வாழ்பவர்களுக்கும் ஒற்றை அறைத் தொடர்மாடியே பொருந்தும். அவர்களை இந்தப் பக்கம் இழுக்க நான் விரும்பவில்லை. ஆனால் அவர்கள் தளத்தையும் யன்னல் காட்சியையும் பார்ப்பதற்கு முன், முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடந்த மூன்று ஆண்டுக் கணக்கறிக்கைகளையும், பெருந்திருத்தங்களுக்கென எவ்வளவு நிதி சேர்ந்திருக்கிறது என்பதையும், அந்த வீட்டின் பேரில் நிலுவை ஏதும் இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். கட்டி முடியாத கட்டடமாயின் ஒவ்வொரு வீட்டையும் தனி உடைமையாகப் பிரித்துக் காட்டும் கூட்டாதனத் திட்டப்படம் பதிவாகும் வரை கையில் இருப்பது ஓர் உடன்படிக்கை மட்டுமே, உறுதி அல்ல. இவற்றைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் முற்பணம் கொடுக்க வேண்டாம்.