கேரட்டா, காலிபிளவரா, பட்டாணியா? வடக்கின் செப்டம்பர் பட்டத்துக்கு ஓர் அலசல்

ஹரியானாவின் சோனிப்பட், பானிப்பட் பக்கமோ மேற்கு உத்தரப் பிரதேசத்தின் மீரட், ஹாப்பூர் பக்கமோ ஒன்றிரண்டு ஏக்கர் வைத்துப் பிழைப்பவர்களுக்கு ஆண்டின் பெரிய முடிவு செப்டம்பரில் வருகிறது. பருவமழை பின்வாங்கும் நேரம் அது. நம் கணக்கில் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். தீவனச் சோளம், கம்பு, பாசிப்பயறு எடுத்த நிலம் காலியாகிவிட்டிருக்கும். அடுத்த நான்கு மாதத்துக்கு அதில் எந்தக் காய்?

உருளைக்கிழங்கை முதலிலேயே ஒதுக்குகிறேன். விதைக்கிழங்குச் செலவும் குளிர்பதனக் கிடங்கு வாடகையும் ஒரு ஏக்கர்காரருக்குத் தாங்காது. முள்ளங்கியும் பாலக்கும் 40, 45 நாளில் காசு தரும். ஆனால் சின்னப் பாத்தியைத் தாண்டினால் விற்று முடிப்பதற்குள் முள்ளங்கி உள்ளே சக்கையாகிவிடும். மிஞ்சுவது மூன்று: காலிபிளவர், முன்பட்டப் பச்சைப் பட்டாணி, வடக்கின் சிவப்பு நாட்டுக் கேரட். மூன்றையும் எடைபோட்டு நான் நிற்பது கேரட் பக்கம். சாய்வு தெரிந்தே எழுதுகிறேன், தெரிந்தே படியுங்கள்.

மகசூல், விலை, செலவு எல்லாவற்றையும் விட என் தேர்வைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: விளைந்த பிறகு இந்தப் பயிர் எத்தனை நாள் நிலத்தில் காத்திருக்கும்? அதற்கு வருமுன் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

காலிபிளவர்

மூன்றில் அதிக மூளை கேட்கும் பயிர் இதுதான். பூ பிடிப்பதை முடிவு செய்வது உரமில்லை, வெப்பநிலை. முன்பட்ட ரகங்களான பூசா மேக்னா, பூசா தீபாலி 20 முதல் 27 டிகிரியில் பூ பிடிக்கும். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை அறுவடைக்கு வரும் பூசா சரத் போன்றவற்றுக்கு 16 முதல் 20 டிகிரி. டிசம்பர் நடுவுக்குப் பிறகு வரும் பூசா பௌஷ்ஜா போன்றவற்றுக்கு 12 முதல் 16. கடைசியாக வரும் ஸ்னோபால் வகைகளுக்கு 10 முதல் 16.

இந்த வரிசையை மாற்றினால் பயிர் மன்னிக்காது. முன்பட்ட ரகத்தைத் தாமதமாக நட்டால் செடி வளருமுன்னே எலுமிச்சை அளவில் பூ பிடித்து நின்றுவிடும். பின்பட்ட ரகத்தை முன்கூட்டி நட்டால் இலை இலையாகப் போகுமே தவிர பூ வராது. செப்டம்பர் தொடக்கத்தில் நட வேண்டியது இரண்டாம் வகை, அதாவது பூசா சரத் போன்றவை. அதற்கு நாற்றங்கால் ஜூலை பின்பாதியில், கொட்டும் மழையில் போட்டிருக்க வேண்டும். செப்டம்பர் கடைசி நடவுக்குப் பூசா பௌஷ்ஜா போன்ற மூன்றாம் வகை, விதைப்பு ஆகஸ்ட் கடைசி. ஆகவே விதைக்கடையில் கேட்க வேண்டியது, "நல்ல ரகம் எது" என்பதில்லை; "எந்த மாதம் நட வேண்டியது" என்பதுதான்.

விதை ஏக்கருக்கு 250 கிராம் போதும். 45-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளி. போரான் சத்து குறைந்தால் தண்டு உள்ளே குழலாகி, பூவில் பழுப்பு படரும். ஏக்கருக்கு 4 முதல் 6 கிலோ போராக்ஸை அடியுரத்தோடு கலந்துவிட்டால் இது அநேகமாக வராது. வைரமுதுகு அந்துப்பூச்சிக்குக் கடுகை, பூச்சியைத் தன் பக்கம் இழுக்கும் கவர்ச்சிப் பயிராக இடையிடையே விதைக்கலாம். மருந்தை மட்டும் நம்பி அதே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி அதற்குப் பழகிவிடும்.

ஸ்னோபால் வகையின் விதை சமவெளியில் விளையாது, குளிர் போதாது. ஹிமாச்சலின் சோலன் அருகே சப்ரூன் பள்ளத்தாக்கு, குல்லு பள்ளத்தாக்கின் கத்ராயின் போன்ற மலையிடங்களிலிருந்துதான் வரவேண்டும். அதை நடுபவர் ஒவ்வோர் ஆண்டும் விதைக்குக் கையேந்த வேண்டியதே.

பட்டாணி

இதில் எனக்குள்ள பழக்கம் கேரட் அளவுக்கு இல்லை, அதனால் சுருக்கமாக. ஆர்க்கெல், ஆஜாத் பி-3, வாராணசி காய்கறி ஆராய்ச்சி நிறுவனத்தின் காசி நந்தினி ஆகியவை முன்பட்டத்துக்கு ஏற்றவை. ஆர்க்கெல் 60, 65 நாளில் முதல் பறிப்புக்கு வரும். நாற்றங்கால் இல்லை, தழைச்சத்துச் செலவு குறைவு. ரைசோபியம் நுண்ணுயிரி கலந்து விதைத்தால் வேர்முடிச்சு நன்றாகப் பிடிக்கும், அடுத்த பயிருக்கும் கொஞ்சம் மிச்சம் விடும்.

இடறும் இடம் இரண்டு. முன்பட்டத்துக்கு ஏக்கருக்கு 45 கிலோ விதை வேண்டும். அந்தப் பணம் முதல் நாளே கையைவிட்டுப் போகிறது. இரண்டாவது, அவசரம். நல்ல விலை பிடிக்கச் செப்டம்பரிலேயே விதைப்பவர்கள் உண்டு; மண் சூடு தணியாத நிலையில் வாடல் நோயும் வேரழுகலும் தண்டு ஈயும் சேர்ந்து வயலைத் திட்டுத்திட்டாக வெறுமையாக்கும். அக்டோபர் நடுவில் விதைப்பதே நிதானம். பிறகு பறிப்பு: ஒரே வயலில் மூன்று முறையாவது ஆள் இறங்க வேண்டும். வீட்டில் நான்கு கை இல்லாதவர்கள் கூலியிலேயே லாபத்தை விடுவார்கள்.

இதற்கு இருக்கும் ஒரு பெரிய பலத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. டிசம்பர் கடைசிவாக்கில் நிலத்தை விட்டுக்கொடுத்துவிடும். ஹெச்.டி. 3059 போன்ற பின்பட்டக் கோதுமைக்கு அப்போதும் கொஞ்சம் நேரமிருக்கிறது.

காத்திருக்கும் பயிர்

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். காலிபிளவரின் பூ இறுகி வெண்மையாக நிற்பது சில நாட்களே. வெயில் சற்று ஏறினால் மூன்று நான்கு நாளில் பிரிந்து, மேலே அரிசி தூவியதுபோல் ஆகிவிடும். கடுங்குளிரில் இன்னும் சில நாள் கிடைக்கும், அவ்வளவுதான். பட்டாணி இரண்டு மூன்று நாள் தாமதித்தாலே இனிப்பு போய் மாவாகும். விளைந்தவுடன் வெட்டியாக வேண்டும், வெட்டியவுடன் விற்றாக வேண்டும். அன்றைக்கு தில்லி ஆசாத்பூர் மண்டியில் என்ன விலையோ அதுதான் விலை.

டிசம்பரில் அந்த விலை சரிவதற்குக் காரணங்களும் வரிசையாக வருகின்றன. எல்லார் வயலும் ஒரே வாரத்தில் விளைகிறது. பனிமூட்டம் கனத்தால் லாரி நேரத்துக்குப் போய்ச் சேராது. இன்னொன்று பலர் கணக்கில் எடுக்காதது: டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே கர்மாஸ், அதாவது நம் மார்கழி. கல்யாணங்கள் நின்றுவிடும், பந்திச் சமையலுக்கு மொத்தமாக வாங்குவோர் காணாமல் போவார்கள். மூன்றாம் வகைக் காலிபிளவரின் அறுவடையும் பட்டாணிப் பறிப்பின் ஒரு பகுதியும் சரியாக இந்த மாதத்தில்தான் விழுகின்றன. மகர சங்கராந்திக்குப் பிறகு கல்யாணங்கள் மீண்டும் தொடங்கும்போது இந்தப் பூ கையில் இருக்காது.

கேரட் இருக்கும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் மண்ணுக்குள் அதன் வளர்ச்சி மந்தமாகிவிடும். உறைபனியில் இலை கருகினாலும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. விளைந்த பிறகு மூன்று வாரம் தள்ளிப்போட்டாலும் தரம் குறைவது சொற்பம். இந்த மூன்று வாரத்தில் விலை பார்த்து, வீட்டு ஆட்களை வைத்து, நாளைக்கு இரண்டு மூன்று பார் என்று பிடுங்கலாம். கிடங்கு வாடகை இல்லை, கூலிக்கு ஆள் தேடும் பதற்றம் இல்லை. அல்வாவுக்காக வீட்டு வாங்கல், நம் பொங்கலையொட்டி அங்கே வரும் லோஹ்ரிப் பண்டிகையைத் தாண்டியும் ஓடும் என்பது கூடுதல் வசதி.

காத்திருப்புக்கும் எல்லை உண்டு. ஜனவரிக் கடைசியில் மழை பெய்து வெயிலும் ஏறினால் கிழங்கு வெடிக்கும், பக்கவாட்டில் வெள்ளை வேர் விடும். பிப்ரவரியில் நடுத்தண்டு கட்டையாகிப் பூக்கொம்பு கிளம்பும். விலைக்காக அதுவரை வைத்திருப்பவர் மாட்டுத் தீவனத்துக்குத்தான் வளர்க்கிறார். ஜனவரி மூன்றாம் வாரத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேரட் விதைப்பு

செப்டம்பர், அக்டோபர் விதைப்புக்குத் தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ருதிராவே என் முதல் தேர்வு. நீண்டு, நடுத்தண்டுவரை சிவந்து வரும். நன்றாக வந்தால் ஏக்கருக்கு 120 குவிண்டால் அளவில் எடை. ஜூலை, ஆகஸ்ட் சூட்டில் விதைக்க வேண்டுமானால் பூசா வ்ருஷ்டி. காஞ்சி என்ற புளித்த பானத்துக்குப் போகும் கருங்கேரட்டில் பூசா அசிதா இருக்கிறது. வாங்குபவர் முன்கூட்டியே உறுதியாகாமல் அதைப் போடாதீர்கள்.

ஏக்கருக்கு 4, 5 கிலோ விதை. விதையில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரை உள்ளங்கையில் தேய்த்து உதிர்த்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாமல் சீராக விழும். ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மணலோடு கலந்து விதைக்கலாம். பாருக்குப் பார் 45 சென்டிமீட்டர். ஆழம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

பெரும்பாலான தோல்வி முதல் பத்து நாளிலேயே நடந்துவிடுகிறது. விதைத்த உடனே பாரின் முக்கால் உயரத்துக்கு மேல் ஏறாமல் தண்ணீர் விட வேண்டும். ஏறினால் மேல்மண் இறுகி, நூல்போன்ற முளை அதைக் குத்தி வெளிவர முடியாமல் உள்ளேயே சாகும். செப்டம்பர் கடைசியில் ஒரு கனமழை அடித்தாலும் இதே கதிதான். அதனால்தான் ஒரு ஏக்கரை ஒரே நாளில் விதைக்க வேண்டாம் என்கிறேன். செப்டம்பர் முதல் வாரம், மூன்றாம் வாரம், அக்டோபர் முதல் வாரம் என்று மூன்று கூறாக்குங்கள். ஒன்று மழையில் போனாலும் இரண்டு நிற்கும். அறுவடையும் தானாகவே பரவும்.

லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் உர அளவு ஏக்கருக்கு 55 கிலோ யூரியா, 75 கிலோ சூப்பர் பாஸ்பேட், 50 கிலோ பொட்டாஷ், எல்லாம் விதைப்பின்போதே. பொட்டாஷைக் குறைத்து யூரியாவைக் கூட்டுவது பழகிப்போன தவறு; தழை கொழிக்கும், கிழங்கு வெடிக்கும். தொழுவுரம் 15 டன் வரை போடலாம், ஆனால் நன்கு மக்கியதாக, முன்கூட்டியே. பச்சைச் சாணம் பட்டால் கிழங்கு இரண்டாகக் கவைக்கும்.

முளைத்த மூன்றாம் வாரத்தில் நெருக்கமான செடிகளைக் கலைத்துவிட்டு ஏழரை சென்டிமீட்டருக்கு ஒரு செடி நிறுத்துங்கள். மனம் வராமல் விட்டுவைத்தால் பென்சில் பென்சிலாகத்தான் வரும். 60, 70 நாளில் மண் அணைக்க வேண்டும்; இல்லாவிட்டால் வெயில் பட்ட தலைப்பகுதி பச்சையாகி மண்டியில் தரம் குறையும். பிடுங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு லேசாக ஒரு தண்ணீர் விட்டால் ஒடியாமல் வரும்.

கேரட்டின் பலவீனம் கழுவுவது. மண்ணோடு போனால் விலை பாதி. கழுவ டிராக்டரில் ஓடும் உருளை இயந்திரமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். அக்கம்பக்கத்தில் வாடகைக்கு இயந்திரம் இல்லையென்றால் என் கணக்கு பாதி அடிபடும். கழுவியதை நீர் வடியாமல் சாக்கில் அடைத்தால் வழியிலேயே அழுகும்.

விதையில் ஒரு சாதகம். நம் ஊட்டி ஆரஞ்சுக் கேரட்டுக்கு விதை வைக்க மலைக்குளிர் வேண்டும். இந்தச் சிவப்புக் கேரட் சமவெளிக் குளிரிலேயே பூக்கும். டிசம்பரில் நேரான, நடுத்தண்டும் சிவந்த கிழங்குகளைப் பொறுக்கி, நுனியில் மூன்றில் ஒரு பங்கையும் தழையில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக விட்டு மிச்சத்தையும் வெட்டி மறுநடவு செய்தால் மே மாதத்துக்குள் சொந்த விதை. ஆனால் தேனீ கலப்படம் செய்யும். சான்று விதைக்கு 800 மீட்டர் சுற்றளவில் வேறு கேரட் பூக்கக் கூடாது என்பது விதி. துண்டு நிலங்கள் நெருங்கிய ஊரில், பக்கத்தில் கருங்கேரட் பூக்கும் ஆண்டில், கடை விதையே மேல்.

எங்கே கேரட் வேண்டாம்

நெல் அறுத்த வயலில் வேண்டவே வேண்டாம். சேற்றுழவு செய்த நிலத்தில் ஒரு சாணுக்குக் கீழே கெட்டிப் படலம் இருக்கும்; கிழங்கு அதில் முட்டிக் கட்டையாகிக் கவைக்கும். களிமண்ணிலும் இதே கதை. மணல் கலந்த வண்டல்தான் இதன் இடம். வெண்டை, தக்காளி, கத்தரி இருந்த நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் கிழங்கு மயிரும் முடிச்சுமாக வரும். பழைய பயிரின் வேரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நெல் வயலானால் பட்டாணிக்கு என் ஓட்டு. நாற்றைத் தயாராக வைத்திருப்பவருக்குக் காலிபிளவர்.

வீட்டுக்குக் கோதுமையும் எருமைக்கு வைக்கோலும் கட்டாயம் வேண்டியவர் இன்னொரு கணக்குப் போட வேண்டும். சங்கராந்திவரை கேரட்டை வைத்திருந்தால் கோதுமை போய்விடும். பிப்ரவரியில் சுரைக்காய், வெள்ளரியோ மார்ச்சில் பாசிப்பயறோதான் அடுத்து. காத்திருப்புக்கான உண்மையான வாடகை இதுதான். ஒரு ஏக்கரில் முக்கால் பங்கு கேரட், கால் பங்கு பட்டாணி என்று பிரித்தால் அந்தக் கால் பங்காவது டிசம்பர் கடைசியில் கோதுமைக்குக் கிடைக்கும்.

ஹரியானாக்காரர்களுக்கு ஒன்று. விலை வீழ்ந்தால் வித்தியாசத்தை ஈடுசெய்யும் பாவாந்தர் திட்டம் 2018இல் தொடங்கியபோது உருளை, வெங்காயம், தக்காளி, காலிபிளவர் நான்குக்கு மட்டுமே இருந்தது. பிறகு கேரட்டும் பட்டாணியும் சேர்ந்தன. மாநில அரசின் 'மேரி ஃபசல் மேரா ப்யோரா' இணையதளத்தில் பயிரைப் பதிந்தவருக்கே அது கிடைக்கும். விதைத்த கையோடு பதிந்துவிடுங்கள். மூன்று கூறாக விதைத்தால் மூன்று பரப்பையும் சேர்த்து.