போனை எடுப்பவர் வக்கீல் இல்லை: அமெரிக்க ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளில் ஏமாறும் இடங்கள்

அமெரிக்காவில் மீசோதீலியோமா, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசால் வரும் புற்றுநோய், என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் யாராவது அந்தப் பெயரைக் கூகுளில் தட்டுவார்கள். முதல் பக்கம் முழுக்க வக்கீல் விளம்பரம்தான். பார்த்தால் மருத்துவத் தகவல் தளம் போலவே இருக்கும், இலவசக் கையேடு அனுப்புகிறோம் என்று ஒரு படிவமும் இருக்கும். நிரப்பிய சற்று நேரத்தில் கனிவான குரலில் போன் வரும். பேசுகிறவர் கால் சென்டர் ஊழியர். மாலைக்குள் கையெழுத்துப் போட ஒப்பந்தம் செல்போனுக்கே வந்துவிடும். குடும்பம் அழுது ஓய்வதற்குள் கையெழுத்தும் ஆகிவிடும்.

அந்த ஒப்பந்தத்தைப் போடும் நிறுவனம் பல நேரம் வழக்கே நடத்துவதில்லை. ஆள் பிடித்து, வேறு மாநில நிறுவனத்துக்குக் கைமாற்றி, கட்டணத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும். கைமாற்றுவது குற்றமில்லை. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் நோயாளி அந்தப் பங்கீட்டை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒப்புதல் எங்கோ பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரியாகக் கிடக்கும். ஆறு மாதம் கழித்து "எங்க கேஸ் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள்.

இந்த நோயில் ஆறு மாதம் என்பது பெரிய காலம். பலர் ஒன்றரை ஆண்டைத் தாண்டுவதில்லை. தூசு நுரையீரலுக்குள் போனது 20 முதல் 50 ஆண்டுக்கு முன்பு. எந்தக் கொதிகலனுக்கு யார் காப்புறை சுற்றினார்கள், கேஸ்கெட் பெட்டியில் எந்தக் கம்பெனி பெயர் இருந்தது, கூட வேலை பார்த்தது யார் என்பதெல்லாம் நோயாளியின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. விவரம் தெரிந்த வக்கீல் முதல் சில வாரங்களிலேயே வீடியோவில் வாக்குமூலம் எடுக்க ஏற்பாடு செய்வார். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எஸ்எஸ்ஏ-7050 படிவம் அனுப்பி, எந்த ஆண்டு எந்த முதலாளியிடம் சம்பளம் வாங்கினார் என்ற பட்டியலை வரவழைப்பார். பயாப்சித் திசு இருக்கும் மெழுகுக் கட்டைகளைத் தொலைக்கவோ அழிக்கவோ கூடாது என்று ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் கடிதம் கொடுப்பார். இந்த மூன்றையும் எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். "அதெல்லாம் எங்க டீம் பாத்துக்கும்" என்பது பதில் இல்லை.

வழக்குப் போடுவதற்கான கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். கென்டக்கியில் ஓராண்டுதான். நியூயார்க்கில் நோய் தெரிந்ததிலிருந்து மூன்று ஆண்டு. நோயாளி இறந்துவிட்டால் அந்த இறப்புக்கான வழக்குக்குத் தனிக் கெடு, நியூயார்க்கில் அது இரண்டு ஆண்டு. குடியிருக்கும் மாநிலம், தூசு பட்ட மாநிலம் இரண்டில் எங்கே வழக்குப் போடலாம் என்பதற்கு வக்கீல் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும்.

இனி கணக்கு. ஒரு கம்பெனி 1,00,000 டாலருக்குச் சமரசம் செய்கிறது, செலவு 15,000, கட்டணம் 40 சதவீதம் என்று வையுங்கள். முழுத் தொகைக்குக் கட்டணம் போட்டால் வக்கீலுக்கு 40,000, செலவும் போகக் குடும்பத்துக்கு 45,000. செலவை முதலில் கழித்துவிட்டு மீதி 85,000-க்குக் கட்டணம் போட்டால் வக்கீலுக்கு 34,000, குடும்பத்துக்கு 51,000. சதவீதம் மாறவில்லை, ஆனால் 6,000 டாலர் கை மாறுகிறது. விளம்பரத்தில் சதவீதம் மட்டும்தான் இருக்கும். செலவு முன்னால் கழிகிறதா பின்னால் கழிகிறதா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். தோற்றால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதையும் தேடிப் படியுங்கள். "ஜெயித்தால்தான் கட்டணம்" என்ற வரி செலவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

"டிரஸ்டில் பணம் காத்திருக்கிறது, கோர்ட்டுக்கே போக வேண்டாம்" என்பது அடுத்த தூண்டில். டிரஸ்ட் இருப்பது உண்மை, திவாலான கம்பெனிகள் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒதுக்கி வைத்த நிதி அது. ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியான ஜான்ஸ்-மான்வில் 1982-இல் திவால் மனு போட்டது, அதன் டிரஸ்ட் 1988-இல் வந்தது. 1994-இல் திவால் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆனால் டிரஸ்டின் அட்டவணையில் உள்ள தொகை அப்படியே கைக்கு வராது. சில டிரஸ்டுகள் அதில் ஒற்றை இலக்கச் சதவீதம்தான் தருகின்றன. டிரஸ்ட் மனு பெரும்பாலும் காகித வேலை. அதை மட்டும் முடித்து மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, திவாலாகாத கம்பெனிகள் மேல் வழக்கே போடாமல் விடும் நிறுவனங்கள்தான் குடும்பத்துக்கு உண்மையான நஷ்டம். இன்னொரு வகை, டிரஸ்ட் மனுவில் ஒரு கதையும் கோர்ட்டில் இன்னொரு கதையும் எழுதும். கார்லாக் என்ற கேஸ்கெட் கம்பெனியின் திவால் வழக்கில் 2014-இல் நீதிபதி கண்டித்தது, வேறு கம்பெனிப் பொருட்களின் தூசு பட்ட விவரத்தை மறைத்ததைத்தான். கையெழுத்து நோயாளியுடையது, ஆகவே எந்த மனுவையும் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். நகலும் வாங்கி வையுங்கள்.

வேன் வைத்து இலவச எக்ஸ்ரே எடுத்து அங்கேயே கேஸ் பதிவு செய்வதை நம்பவே நம்பாதீர்கள். டெக்சாஸில் சுமார் 10,000 பேரின் சிலிக்கா (மணல் தூசு) நோய் வழக்குகளை விசாரித்த கூட்டாட்சி நீதிபதி ஜேனிஸ் ஜாக், 2005-இல் அந்த நோயறிக்கைகள் பணத்துக்காகத் தயாரிக்கப்பட்டவை என்று எழுதினார். கிட்டத்தட்ட எல்லாமே ஒரு டஜன் டாக்டர்கள் கொடுத்தவை. அதன்பின் மான்வில் டிரஸ்ட் அவர்களில் பலரின் அறிக்கைகளை ஏற்பதை நிறுத்தியது. நிஜமாகவே நோய் இருந்தவர்களின் காகிதமும் அதோடு செல்லாக் காசானது.

சமரசம் வரும்போது இரண்டு இடத்தில் நிதானியுங்கள். பல கட்சிக்காரர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசியிருந்தால், மற்றவர்களுக்கு எவ்வளவு என்பதையும் காட்டி உங்களிடம் தனியாக எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இன்னொன்று விடுதலைப் பத்திரம், இனி அந்தக் கம்பெனி மேல் உரிமை கோர மாட்டோம் என்று எழுதிக் கொடுப்பது. இன்று நுரையீரல் உறை தடித்திருப்பதற்குச் சிறு தொகை கொடுத்து, நாளை வரக்கூடிய புற்றுநோய்க்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். "எதிர்கால" என்ற சொல்லைத் தேடுங்கள், புற்றுநோயை விலக்கி எழுதச் சொல்லுங்கள்.

மாட்டிக்கொண்டபின் வக்கீலை மாற்றலாம், அதற்குக் காரணம் காட்டத் தேவையில்லை. கடிதம் எழுதிக் கோப்பைக் கேளுங்கள். பழைய வக்கீல் செய்த வேலைக்குப் பங்கு கேட்பார். அது புதிய வக்கீலின் கட்டணத்துக்குள்ளிருந்தே போகும், மேற்கொண்டு எதுவும் இல்லை என்று புதிய ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.