குடும்ப வழக்குகளுக்குச் சமரச மையம்: உடன் சென்றுவந்தவரின் மதிப்பீடு

மணமுறிவு வழக்கில் குடும்பநல நீதிமன்றம் இரு தரப்பையும் அனுப்பிவைக்கும் சமரச மையத்தை ஊர்ப் பஞ்சாயத்தின் மறுபதிப்பாகவே பலர் நினைக்கிறார்கள். என் தங்கையின் வழக்கில் உடன் சென்றுவந்த நான் அதை ஏற்கமாட்டேன். பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்ல ஆள் உண்டு. சமரசருக்கோ அந்த அதிகாரமே கிடையாது. நீதிமன்றத்துடன் இணைந்த மையங்களில் இந்தியாவிலேயே முதலாவது 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கப்பட்டது. இன்று மாவட்டங்களிலும் இவை இயங்குகின்றன. எங்களுக்கு அமைந்த சமரசர் பயிற்சி பெற்ற ஒரு வழக்கறிஞர். கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

இருவரையும் எதிரெதிரே அமர்த்திப் பேசியதைவிட, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசிய அமர்வுகளே பயன் தந்தன. உள்ளே பேசியவற்றை வெளியில் சொல்லக் கூடாது, வழக்கில் சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது என்பதால், ஒப்பந்தத்தில் ஏறிய ஒன்றை மட்டும் தங்கையின் சம்மதத்தோடு குறிப்பிடுகிறேன். சீர்வரிசைப் பட்டியலில் கட்டில், பீரோ, பாத்திரங்கள் எல்லாம் எளிதாகத் தீர்ந்துவிட, குழந்தையின் காதணி விழாவுக்குத் தாய்மாமன் என்ற முறையில் நான் போட்ட சங்கிலி மட்டும் இழுபறியாக நின்றது. அது இரு வீட்டுக்கும் உரியதன்று, குழந்தைக்கு உரியது என்று எழுதி, வங்கிப் பெட்டகத்தில் வைப்பதாக முடிவாயிற்று. இப்படியொரு ஏற்பாட்டைக் குறுக்கு விசாரணையின் வழியாக எட்டியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குறை ஒன்று உண்டு. குழந்தையைத் தந்தை பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமைகளை நேரம் குறித்து எழுதியவர்கள், கோடை விடுமுறையைப் பற்றி 'இருவரும் பேசி முடிவு செய்துகொள்வார்கள்' என்று விட்டுவிட்டார்கள். பேச முடியாதவர்கள்தானே அங்கே வருகிறார்கள்! மே மாதம் வந்ததும் மறுபடியும் வழக்கறிஞர்களைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

நகை, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு ஆகியவை இங்கே தீர்ந்துவிட்டால் அடுத்த கட்டமும் எளிதாகிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனுவுக்கு உள்ள ஆறு மாதக் காத்திருப்பை, பிரிந்து வாழ்ந்த காலம் போதிய அளவு கடந்து, இத்தகைய விவகாரங்களும் உண்மையாகவே முடிந்திருக்கும்போது, நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

எனது பெரிய மனக்குறை வேறு. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்க்க ஒவ்வொரு சமரச மையமும் உதவி மேசை அமைத்து, அதைப் பரவலாக விளம்பரப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே அறிவுறுத்தியது. நாங்கள் சென்ற இடத்தில் அதைத் தெரிவிக்கும் ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. எங்கள் வழக்கறிஞரும் வாய் திறக்கவில்லை. மனுவிலும் எதிருரையிலும் ஒருவரையொருவர் இழிவாக எழுதித் தாக்கல் செய்தபின் சமரசத்துக்கு அனுப்பினால், முதல் சில அமர்வுகள் அந்தக் காயத்துக்கு மருந்திடுவதிலேயே கழிந்துவிடுகின்றன.

அடி உதைக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறிய பெண்களுக்கு இதை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதுகாப்பு உத்தரவு பெறுவதே அவர்களுக்கு முதல் தேவை. மற்றவர்கள் வக்காலத்தில் கையெழுத்திடுவதற்கு முன், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் சென்று, வழக்குக்கு முந்தைய சமரசம் வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம்.