ஆக்டேவியா ஆர்எஸ் 230: முழு சக்தியும் எப்போது கிடைக்கும்?

"அண்ணா, ஸ்டேஜ் ஒன் போட்டா 300 தொடும்ங்கறாங்க, போட்டரலாமுங்களா?" செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 கார் விலை பேசி வைத்திருக்கும் கோவைத் தம்பி ஒருவன் கேட்டது இது. அவனுக்குப் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்டேஜ் ஒன் என்பது ரீமேப்பின் முதல் படி: இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி சக்தியைக் கூட்டுவது. அந்த 300 குதிரைசக்தி இருக்கட்டும். கம்பெனி கொடுத்த 230 முழுதாக வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. பல வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன். நம்ம ஊர் வெயிலில், நம்ம ஊர் பெட்ரோலில் பாதி நாள் அது வருவதில்லை. வரவில்லை என்று வண்டி சொல்வதும் இல்லை. என் தீராத எரிச்சல் இதுதான்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற இடம்) போனுக்குத் தகவல் அனுப்பும் ஒரு சின்ன டாங்கிள் செருகி வைத்திருக்கிறேன். போன் திரையில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு எண் ஓடும். நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடிப்பது) வராமல் இருக்க கம்ப்யூட்டர் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஸ்பார்க்கை எத்தனை டிகிரி தள்ளிப்போடுகிறது என்ற கணக்கு அது. (நான் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் அதைப் பார்ப்பார்.) நல்ல பெட்ரோல், விடியற்காலைக் காற்று, மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தால் நான்கும் சைபரை ஒட்டியே நிற்கும். அதே மிதி, மே மாத மத்தியானம், சாதா பெட்ரோல்: இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு டிகிரிக்கு மேல். சத்தம் கேட்காது, விளக்கு எரியாது, வண்டி குலுங்காது. இழுவை மட்டும் மந்தமாகும்.

இதில் இன்ஜினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தில், சூட்டில், பெட்ரோல் தானாக வெடிக்கப் பார்க்கும். அது தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் போய்விடும். நாக் சென்சார் அதைக் கேட்டவுடன் ஸ்பார்க் தாமதமாகிறது, பிஸ்டன் பிழைக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் ஆயில் சூட்டிலிருந்து எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதுவரை காட்டுகிற மீட்டர், "இன்றைக்கு உனக்கு முழு சக்தி இல்லை" என்று ஒரு வரி காட்டக்கூடாதா? அனேகமாக எந்தக் கம்பெனியும் இதைக் காட்டுவதில்லை. காட்டினால் பெட்ரோல் விஷயத்தில் ஜனங்கள் என்றைக்கோ விழித்திருப்பார்கள்.

பெட்ரோல் என்றாலே எனக்குக் கோபம் வரும். ஆக்டேன் எண் எவ்வளவு அதிகமோ, பெட்ரோல் அவ்வளவு நாக்கிங்கைத் தாங்கும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தபோது லிட்டர் 160 ரூபாய். எத்தனால் கலக்காதது. சந்தோஷப்பட்டேன், இன்றும் கிடைத்தால் அதைத்தான் போடுகிறேன். கிடைக்க வேண்டுமே! எல்லா ஊரிலும் கிடையாது, ஊருக்குள்ளும் எல்லா பங்கிலும் கிடையாது. தெற்கே போகும்போது ஒரு பங்கில், பிரீமியம் பம்பின் மேல் பழைய துணியைப் போர்த்தி, ஸ்டாக் எப்போது வரும் என்று கேட்டால் "சாதாவே போட்டுக்கங்க சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றல்ல. 20 சதவீத எத்தனால் வந்தபிறகு சாதா பெட்ரோலின் ஆக்டேன் 91-லிருந்து 95 ஆனது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. எத்தனால் நாக்கிங்கை நன்றாகவே தாங்கும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் இருக்கிற ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2017-இல் வந்த இந்த வண்டி அந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. மைலேஜ் குறைகிறது என்பதைவிட, ரப்பர் ஹோஸுக்கும் சீலுக்கும் நாளைக்கு என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை.

அடுத்தது சூடு. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அவினாசி ரோடு சிக்னலில் ஏசியோடு நின்றால் உள்ளே போகும் காற்றின் சூடு மளமளவென்று ஏறும். பச்சை விழுந்ததும் மிதித்தால் கிடைப்பது பாதி உற்சாகம்தான். ஒன்றிரண்டு கிலோமீட்டர் சீராக ஓட்டிக் காற்று பட விட்டால் இறங்கிவிடும். ஆயில் சூடு 80 டிகிரியைத் தாண்டும்வரை நான் முழுதாக மிதிப்பதே இல்லை. விரட்டி ஓட்டியபின் கடைசி சில நிமிடம் மெதுவாக வருவேன்.

இத்தனை புலம்பலுக்கும் நடுவில் இந்த வண்டியை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர்தான் இந்த ரேஸ் டிராக். டேங்கில் 100 ஆக்டேன், காலை நேரம், சூடேறிய ஆயில், டயரில் சரியான காற்று: எல்லாம் கூடி வந்தால் 350 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (இழுவிசை) 1,500 ஆர்பிஎம்மிலிருந்தே கயிறு கட்டி இழுப்பதுபோல வருகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸான டிஎஸ்ஜி கியர் மாற்றும் அந்தச் சின்ன 'டப்' சத்தத்துக்காகவே இன்னொரு ரவுண்டு போகலாம். ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கி நிறைய சாமானோடு ஊருக்குப் போகிற அதே வண்டி இது! ரோட்டில் இதைச் செய்யக்கூடாது. மூன்றாம் கியர் முடிவதற்குள் எந்த வேக வரம்பும் பின்னால் போயிருக்கும்.

அங்கேயும் சக்தியைத் தடுப்பது முன்சக்கரங்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் நேராகும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு மிதித்தால் உள்பக்க டயர் வீணாகச் சுற்றும், டிராக்‌ஷன் கன்ட்ரோல் சக்தியைப் பிடுங்கிக்கொள்ளும். எனவே பணம் இருந்தால் முதலில் நல்ல டயருக்குப் போகட்டும், அப்புறம் பிரேக்குக்கு. பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும். பழசானால் சூட்டில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும், டிராக்குக்குப் போகிறவர்கள் அதற்கும் முன்பே. ஒரு ரவுண்டு விரட்டினால் அடுத்த ரவுண்டு ஆற விடுங்கள்.

ரீமேப்புக்கு வருவோம். இந்த ஆறு கியர் டிஎஸ்ஜி தாங்கும் என்று ஆரம்பத்தில் சொல்லப்பட்ட அளவே 350 நியூட்டன் மீட்டரை ஒட்டியதுதான். ஸ்டேஜ் ஒன் அதைத் தாண்டித்தான் போகும். கிளட்ச் புதிதாக இருந்தால் தாங்கும் என்கிறார்கள், பலருக்குத் தாங்கியும் இருக்கிறது. ஆனால் செகண்ட் ஹேண்ட் வண்டியில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிஎஸ்ஜி ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பில் இல்லையென்றால் பேச்சே வேண்டாம். 100 ஆக்டேனை நம்பி எழுதிய மேப்பில் வழியில் சாதா பெட்ரோல் போட நேர்ந்தால், நாக் சென்சாருக்குக் கொடுக்கிற வேலையை யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இந்த வண்டிமேல் உயிர். இந்த விலையில் இவ்வளவு சக்தி, இவ்வளவு இடம், இவ்வளவு ஒழுங்கான ஸ்டீயரிங் சேர்ந்து வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் 100 ஆக்டேன் தவறாமல் கிடைக்கிற பங்க் இருக்கிறவர்கள் மட்டும் வாங்கலாம். வாங்கினாலும் ஒரு வருடம் ரீமேப் இல்லாமல் ஓட்டுங்கள், டாங்கிளில் நான்கு சிலிண்டரையும் பாருங்கள். அந்த எண்கள் சைபரில் நிற்கவில்லையென்றால் ரீமேப் காசை டயரில் போடுங்கள்.