கற்பிட்டி இரவுகளுக்கு ஒரு பற்றரி: நாலு வருட அனுபவம்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில்தான் வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியிலிருந்தே, தெற்கு வானில் சிலுவை போல நிற்கும் திரிசங்கு நட்சத்திரங்களைத் தெளிவாகப் பார்த்தேன். கரண்ட் வந்ததும் அந்த வானம் போய்விட்டது. சரி, இனி இருட்டைத் தேடி நாம்தான் போக வேண்டும் என்று தொலைநோக்கியையும் கமராவையும் புத்தளத்துக் கரையிலுள்ள கற்பிட்டிக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன். வானத்தைப் படமெடுக்க எந்தக் கமரா, எந்த லென்ஸ் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். என்னை அதிகம் படுத்தியது மின்சாரம். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது யூபிஎஸ்ஸுக்குள் போடும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் எடுத்தேன். "இரவு முழுக்கக் காணும் தம்பி" என்றார் கடைக்காரர். நானும் கணக்குப் பார்க்காமல் நம்பிவிட்டேன். 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி, அதாவது 84 வாட்டை ஒரு மணித்தியாலம் இழுக்கலாம். ஈய-அமிலப் பற்றரி சீக்கிரம் சாகாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 42. என் சாமான்கள் எல்லாம் சேர்ந்து இழுப்பது 28 வாட். ஒன்றரை மணித்தியாலம், அவ்வளவுதான். இரண்டாவது பயணத்தில் நடு இரவுக்கு முன்பே மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி நட்சத்திரங்களோடு சேர்த்துத் திருப்பும் கருவி) நின்று, அதற்குப் பிறகு எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் எல்லாம் கோடுகளாக இருந்தன.

அந்த 28 வாட் எங்கே போகிறது என்று வாட் மீற்றர் வைத்து அளந்து பார்த்தேன். எச்ஈக்யூ5 மவுண்ட் 9, டம்மி பற்றரி (கமராவுக்குள் பற்றரி இடத்தில் செருகும் வயர்) வழியாக கெனன் 6டி கமரா 4, ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்பியூட்டரும் மவுண்ட் சரியாகத் திரும்புகிறதா என்று பார்க்கும் கைடிங் கமராவும் சேர்ந்து 5. மீதி 10 வாட்டும் லென்ஸைச் சுற்றிக் கட்டும் ஹீட்டர் பட்டிகளுக்கு. வெளிநாட்டில் எழுதுபவர்கள் பலர் ஹீட்டரை வேண்டுமானால் போடும் பொருளாகத்தான் சொல்வார்கள். கற்பிட்டியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, காற்று முழுக்க ஈரம். திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி தன் சூட்டை இழந்து சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்துவிடும், அந்தக் காற்றில் கொஞ்சம் குளிர்ந்தாலே பனி படியும். ஹீட்டரை நிறுத்தி 40 நிமிடத்தில் லென்ஸ் மங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அதோடு அந்த வெளிநாடுகளில் கோடையில் இரவு குறுகிவிடும், நமக்கு வருடம் முழுக்க முழு இருட்டு ஒன்பது மணித்தியாலத்துக்குக் கிட்ட இருக்கிறது. ஆக அவர்கள் கணக்கை அப்படியே எடுத்தால் பற்றரி போதாது.

அப்புறம்தான் லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி வாங்கினேன், 12.8 வோல்ட், 20 அம்பியர்-மணி, 256 வாட்-மணி. பழையதைப் போலப் பாதியோடு நிறுத்தத் தேவையில்லை. எட்டு மணித்தியாலத்துக்கு 224 வேண்டும், கொஞ்சம் மிஞ்சுகிறது. ஒன்று மட்டும் பழக வேண்டியிருந்தது: இதன் வோல்ட்டேஜ் ஏறக்குறைய முடியும் வரை 13க்குப் பக்கத்திலேயே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். வோல்ட்டேஜைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்லவே முடியாது. போன அம்பியர்-மணியை எண்ணிக் காட்டும் மீற்றர் ஒன்றைக் கட்டாயம் நடுவில் போடுங்கள்.

ஆனால் புதுப் பற்றரியோடு போன முதல் இரவே மவுண்டின் சிவப்பு லைட் மினுங்கத் தொடங்கியது, வோல்ட்டேஜ் போதாது என்று அர்த்தம். பற்றரியில் மல்டிமீற்றர் வைத்தால் 13.1. மவுண்ட் பக்கத்து முனையில் வைத்தால் 10.8! அதற்கு 11 முதல் 15 வோல்ட் வரை வேண்டும். குற்றவாளி வயர்தான். 5 மீற்றர் நீளத்தில் 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயர் ஒன்றிலேயே மவுண்டையும் ஹீட்டரையும் சேர்த்துவிட்டிருந்தேன். போக வர 10 மீற்றர், வோல்ட்டேஜில் ஒரு பங்கு வயரிலேயே போய்விடும். மீதியைத் தின்றது காரில் சிகரெட் லைட்டருக்குச் செருகும் அந்த பிளக், அது அசைந்தாலே தொடர்பு விடும். முதல் பற்றரியையும் இதே வயரில்தான் ஓட்டினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது பற்றரி முக்காலியின் காலடியிலேயே இருக்கிறது, வயர் ஒன்றரை மீற்றர், 1.5 சதுர மில்லிமீற்றர், பற்றரி முனையிலேயே 10 அம்பியர் பியூஸ். வயரைச் செருகும் வட்டச் சொக்கட்டில் 2.1, 2.5 மில்லிமீற்றர் என்று இரண்டு அளவு உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மவுண்டுக்கு 2.1, மாறிப் போட்டால் தளரும்.

220 வோல்ட் இன்வேர்ட்டர் வைத்த பெரிய பெட்டிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 12ஐ 220 ஆக்கி, அடப்டரில் மறுபடி 12 ஆக்குவதில் மின்சாரம் வீணாகிறது.

நாலாவது வருடம் இது. வாங்கியபோது அளந்தது 20.3 அம்பியர்-மணி, போன மாதம் 18.9. குளிரில் பற்றரி சோரும் என்று வெளிநாட்டில் பயப்படுவார்கள், இங்கே எதிரி சூடு. பகலில் பற்றரியை வான் வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவதே இல்லை. வீட்டில் பாதிச் சார்ஜில் வைத்திருந்து, புறப்படும் முதல்நாள்தான் நிரப்புகிறேன். உப்புக் காற்றில் செம்பு முனைகள் பச்சை பிடிக்கின்றன. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் துடைத்துக் கொஞ்சம் கிறீஸ் பூச வேண்டும், ஒருமுறை சோம்பல்பட்டு ஒரு கனெக்டரையே மாற்ற வேண்டி வந்தது.

போயா லீவு நமக்கு உதவாது, அன்றுதான் முழு நிலவு. அமாவாசை வார நாளில் விழுந்தால் லீவு போட்டுத்தான் போக வேண்டும், வருடத்தில் நாலைந்து இரவுதான் கிடைக்கும். மாசி அமாவாசைக்குப் போகிறோம். நான் படமெடுக்க நினைக்கும் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து கற்பிட்டியில் 34 பாகை உயரம் வரைதான் ஏறும், அதுவும் அந்த மாதத்தில் அதிகாலை 3, 4 மணிக்கு. இதுவரை அந்த நேரத்துக்கு ஹீட்டரைக் குறைத்துத்தான் சமாளித்தேன். இந்த முறை ஹீட்டருக்குத் தனியாக இன்னொரு பற்றரியும் வயரும் கொண்டுபோகிறேன்.