நேர்சரிக் கட்டணத்துக்கு உதவி: யூனிவர்சல் கிரெடிட்டா, டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேரா?

பிரித்தானியாவில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நேர்சரிக் கட்டணத்தில் அரசு கைகொடுக்கும் வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, வருமானத்தைப் பார்த்து அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டில் வரும் பிள்ளைப் பராமரிப்புத் தொகை. கட்டிய கட்டணத்தில் 85 வீதம் கணக்கில் சேரும். ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 பவுண், இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 1,768.94 பவுண் உச்சம். மற்றது டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர். இணையக் கணக்கில் நீங்கள் 8 பவுண் போட்டால் அரசு 2 பவுண் சேர்க்கும். பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு 500 பவுண் வரை. (தொகைகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை.) இரண்டையும் ஒன்றாக எடுக்க முடியாது. இரண்டிலும் நேர்சரியோ சைல்ட்மைண்டரோ (தன் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பவர்) பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாத அம்மம்மாவுக்குக் கொடுக்கும் காசு எதிலும் சேராது.

"இரண்டு பேரும் வேலை, எங்களுக்கு யூனிவர்சல் கிரெடிட் எங்கே கிடைக்கும்" என்று பலர் விசாரிக்காமலே இரண்டாவதுக்குப் போய்விடுகிறார்கள். முதலில் யூனிவர்சல் கிரெடிட் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்பதுதான் என் பக்கம். காரணம், பராமரிப்புத் தொகை உங்கள் தகுதி எல்லையையே மேலே தூக்கிவிடுகிறது.

யூனிவர்சல் கிரெடிட்டின் 85 வீதத்தையும் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேரின் 20 வீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்தான் பிழை தொடங்குகிறது. அந்த 85 வீதம் தனியாகக் கைக்கு வருவதில்லை. அடிப்படைத் தொகை, பிள்ளைக்கான தொகை, வீட்டு வாடகைத் தொகை எல்லாவற்றோடும் கூட்டி, பிறகு உங்கள் சம்பளத்துக்காக ஒரு பகுதியைக் கழிப்பார்கள். ஆகவே ஒப்பிட வேண்டியது, கழித்த பிறகு வரும் முழு யூனிவர்சல் கிரெடிட்டையும் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேரின் உச்சமான மாதம் 166.67 பவுணையும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 25 வயதைத் தாண்டிய தம்பதி, ஒரு பிள்ளை, வீடு மோர்ட்கேஜில், சேமிப்பு 6,000 பவுணுக்குக் கீழ், நேர்சரி மாதம் 1,000 பவுண், வரியும் பென்ஷனும் போக இருவர் கைக்கும் வருவது 3,000 பவுண். அடிப்படை 628.10, பிள்ளைக்கு 292.81, பராமரிப்புக்கு 850, மொத்தம் 1,770.91. வாடகைத் தொகை இல்லாதவர்களுக்குச் சம்பளத்தில் முதல் 684 பவுணைத் தொடமாட்டார்கள். மிச்சம் 2,316 பவுணில் 55 வீதம், அதாவது 1,273.80 கழியும். கைக்கு வருவது 497.11 பவுண். பராமரிப்புத் தொகையைச் சேர்க்காமல் பார்த்தால் இதே குடும்பத்துக்கு ஒரு சதமும் கிடைக்காது. "எங்களுக்குக் கிடைக்காது" என்ற எண்ணம் வருவது அந்த அரைக் கணக்கில்தான்.

இந்தக் குடும்பத்துக்கு இரண்டும் சமமாகும் இடம், கைக்கு வரும் சம்பளம் ஏறத்தாழ 3,600 பவுண். அதற்குக் கீழே யூனிவர்சல் கிரெடிட், மேலே டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர். வாடகை வீடு என்றால் அந்தக் கோடு வெகுதூரம் ஏறும். தொடாத தொகை 411 பவுணாகக் குறைந்தாலும், 1,200 பவுண் வாடகை முழுவதும் ஏற்கப்பட்டால் கோடு இன்னும் 1,900 பவுண் மேலே போகும். உங்கள் பகுதிக்கு யூனிவர்சல் கிரெடிட் ஏற்கும் வாடகை உச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த எண்ணைப் போட வேண்டும்.

இங்கிலாந்தின் 30 மணிநேர இலவசப் பராமரிப்பு வந்ததும் இதே கணக்கு தலைகீழாகும். 2025 செப்டெம்பரிலிருந்து 9 மாதப் பிள்ளைக்கே அது உண்டு. இரண்டு திட்டங்களோடும் சேரும். பில் 1,000 பவுணிலிருந்து 400 ஆகக் குறைந்தால் பராமரிப்புத் தொகை 340 பவுண்தான். சமமாகும் கோடு 2,830 பவுணுக்கு இறங்கும். நேற்றுவரை 497 பவுண் வாங்கிய குடும்பத்துக்கு இப்போது யூனிவர்சல் கிரெடிட்டில் எதுவும் இல்லை, டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேரில் 80 பவுண் உண்டு. அதனால் பில் மாறும் ஒவ்வொரு முறையும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். 30 மணிநேரத்துக்கு விண்ணப்பிக்கும் அதே படிவத்தில்தான் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேரும் இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட் எடுப்பதை அதில் தெளிவாகக் குறிப்பிட்டு, மணிநேரத்தை மட்டும் எடுங்கள்.

கணக்கைக் கவனிக்கும் வேலை என்று பார்த்தால் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் இலகு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரங்களை உறுதிப்படுத்தினால் போதும். தவறினால் அரசின் பங்கு நின்றுவிடும். யூனிவர்சல் கிரெடிட்டில் முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பிறகுதான் காசு வரும். கட்டியதை இணையக் கணக்கில் பதிய வேண்டும், ரசீது கேட்டால் ஏற்ற வேண்டும். கடைசி நாள், கட்டிய அசெஸ்மென்ட் பீரியடுக்கு (யூனிவர்சல் கிரெடிட் கணக்குப் பார்க்கும் ஒரு மாதம்) அடுத்தது முடியும் நாள். அதைத் தாண்டினால், தக்க காரணம் இல்லாவிட்டால் அந்த மாதக் காசு போய்விடும். கட்டிய அன்றே பதிவது நல்ல பழக்கம்.

முதல் மாதம்தான் கழுத்தைப் பிடிக்கும். வேலை தொடங்குகிறவர்களுக்கும் நேரத்தைக் கூட்டுகிறவர்களுக்கும் முதல் பில்லை ஜொப்சென்டரின் உதவி நிதியான ஃப்ளெக்ஸிபிள் சப்போர்ட் ஃபண்டிலிருந்து கொடுக்க வழி உண்டு. அது கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் நேர்சரிக்குக் கட்டுவதற்கு முன்பே வேர்க் கோச்சிடம் (உங்களுக்குப் பொறுப்பான ஜொப்சென்டர் அலுவலர்) ஜர்னலில், அதாவது யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் செய்திப் பகுதியில், கேட்க வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் எடுப்பவர்களுக்கு வருடத்தில் ஒரு அசெஸ்மென்ட் பீரியடில் இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் தொகை பூச்சியமாகலாம், கிளெய்மும் மூடப்படலாம். பயப்படாமல் அடுத்த மாதமே திரும்ப விண்ணப்பியுங்கள்.

யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் போகவே முடியாதவர்களும் உண்டு. சேமிப்பு 16,000 பவுணைத் தாண்டினால் கதவு மூடும். ஊரில் உள்ள காணியும், குடியிருக்காத வீடும் அந்தக் கணக்கில் சேரும். ஓய்வூதிய வயதைத் தாண்டிய பெற்றோர் தங்கள் வீடாக அதில் இருந்தால் விதிவிலக்குக் கேட்கலாம். டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேருக்குச் சேமிப்பு எல்லை கிடையாது. ஆனால் தம்பதியில் ஒவ்வொருவரும் வாரம் சராசரி 16 மணிநேரக் குறைந்தபட்சச் சம்பளம், 21 வயதுக்கு மேல் என்றால் மூன்று மாதத்தில் 2,539 பவுண் உழைக்க வேண்டும்; ஒருவருடைய வருமானம் 1,00,000 பவுணைத் தாண்டக்கூடாது. வாரம் 8 மணிநேரம் வேலை செய்யும் தாய்க்கு அங்கே இடமில்லை. யூனிவர்சல் கிரெடிட்டில் குறைந்தபட்ச மணிநேரம் என்று ஒன்றும் இல்லை. இருவரும் வேலை செய்தால் போதும்.

சுயதொழில் செய்பவர்களுக்கு மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தாது. தொழில் தொடங்கி ஒரு வருடம் ஆனபின், குறைவாக உழைத்த மாதத்திலும் ஒரு குறிப்பிட்ட வருமானம் வந்ததாக யூனிவர்சல் கிரெடிட் எடுத்துக்கொள்ளக்கூடும்.

இருவரின் விசாவிலும் அரசு உதவி பெறத் தடை இருந்தால் இரண்டுமே இல்லை. ஒருவருக்கு மட்டும் தடை என்றால் மற்றவர் பெயரில் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேருக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வீட்டார், குடிவரவுச் சட்டம் தெரிந்த ஆலோசகரிடம் கேட்காமல் யூனிவர்சல் கிரெடிட் படிவத்தைத் திறக்க வேண்டாம்.